தொண்டிப் பொருள்

தாரிணியின் குரலைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்துத் திருடி, போனில் பேசி ஊரையே ஏமாற்றிய கும்பல் எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. கைக்கு எட்டியவள் அவள்தான். புகார் கொடுக்கப் போனவளின் கழுத்தில் பட்டை மாட்டி அரக்கு முத்திரை வைத்தார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க பேசுனா எது அசல், எது போலின்னு கோர்ட்ல குழப்பிருவாங்கம்மா. தீர்ப்பு வர்ற வரைக்கும் உங்க குரல் தொண்டிப் பொருள், திருட்டுக் கேஸுல சீல் வெச்ச சாட்சிச் சாமான் மாதிரி. ஒரு வார்த்தை பேசுனாலும் கேஸ் நிக்காது."

பதினான்கு மாதத்தில் ஒன்பது வாய்தா. ஆறு வயது மகள் இளநிலாவிடம் சைகையும் சிலேட்டுமாகவே காலம் தள்ளினாள்.

இன்று அப்பாவின் போன் அடிக்க, இளநிலா ஓடிப்போய் எடுத்தாள்.

"கண்ணு, அம்மா பேசுறேன். இந்தப் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லு சாமி."

அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்த தாரிணி போனைப் பிடித்து இழுத்தாள். குழந்தை விடவில்லை.

"புடுங்காதம்மா. அது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேனே."

"சொல்லுடா தங்கம்," என்றது குரல்.

தாரிணியின் பிடி தளர்ந்தது.

குரல் சீக்கிரம் நின்றுவிடக் கூடாதே என்று, இளநிலா ஒவ்வோர் எண்ணாக, மெல்ல மெல்லச் சொன்னாள்.