முத்திரை குத்திய முட்டை

முட்டையை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு கோழிக்கூண்டிலிருந்து ஓடி வந்தாள் குட்டிப்பெண்.

"அம்மா, இன்னிக்கும் கிடைச்சிடுச்சு!"

"எங்கே, காட்டு பார்ப்போம்."

"மாட்டேன். பெரியம்மாகிட்டதான் குடுப்பேன்."

விளையாட்டாய் அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள் அம்மா. அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. முட்டையின் ஓட்டில் சின்னதாய், சிவப்பாய், ஒரு கடை முத்திரை!

அம்மாவுக்கு உணவு ஆய்வாளர் உத்தியோகம். பாலில் தண்ணீர், தேனில் சர்க்கரைப் பாகு என்று வருஷம் பூராவும் கலப்படம் பிடித்துக்கொண்டு திரிகிறவள். அவளிடமேவா!

முட்டையும் கையுமாய்க் கணவனிடம் வந்தாள். "ஏங்க, கோழி முத்திரை குத்தி முட்டை போடுமா?"

அவன் ரொட்டியைப் பாலில் தோய்த்துக்கொண்டிருந்தான். "படிச்ச கோழியா இருக்கும், ஆபீசரம்மா."

"விளையாடாதீங்க. வாசல்ல என்ன போர்டு மாட்டியிருக்கு? 'இங்கே பரிமாறுவதெல்லாம் எங்கள் பண்ணையில் விளைந்தது.' பச்சைப் பொய்!"

"நமக்குத்தான் வந்ததிலிருந்து முட்டையையே கண்ணுல காட்டலையே. வெறும் ரொட்டியும் பாலும். அந்த அரைமொட்டைக் கோழிங்களைப் பார்த்தா எனக்கும் கேட்க மனசு வரலை. விடுடி. பிள்ளை சாப்பிடுறா, அது போதும்."

அது என்னவோ வாஸ்தவம்தான். காய்ச்சலில் கிடந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாய், தட்டைக் கண்டாலே குழந்தை வாயை இறுக மூடிக்கொள்ளும். கெஞ்சியாச்சு, மிரட்டியாச்சு, கதை சொல்லியாச்சு. ஒன்றும் பலிக்கவில்லை. "இப்படியே போனா மறுபடி அட்மிட் பண்ணி டியூப் வழியாத்தான் குடுக்கணும். அதுக்கு முன்னாடி கொஞ்சநாள் திறந்தவெளியில வச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். லீவு போட்டுவிட்டு, விருந்தாளிகளுக்கு அறை வாடகைக்கு விடும் இந்தப் பண்ணைக்கு வந்தார்கள்.

வந்த அன்றே குழந்தை 'பெரியம்மா' என்று ஒட்டிக்கொண்ட பண்ணைக்கார அம்மாள், மறுநாள் அவள் கையில் ஒரு கூடையைக் கொடுத்தாள். "வைக்கோல்ல தேடு கண்ணு. நீ கண்டுபிடிக்கிற முட்டை உனக்குத்தான்."

தேடினாள், எடுத்தாள், அவித்துக் கொடுத்ததை முழுசாய்ச் சாப்பிட்டாள்! அன்றிலிருந்து தினமும் முட்டை, கூடவே ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் பால். பெற்றவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதற்காகப் பொய்யை விட்டுவிட முடியுமா? விறுவிறுவென்று சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். அட்டைத் தட்டில் வரிசையாய்க் கடை முட்டைகள், எல்லாவற்றிலும் அதே முத்திரை.

"என்னம்மா இது?"

பண்ணைக்கார அம்மாள் திருதிருவென்று விழித்தாள். அவசரமாய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுங்கம்மா. குழந்தை காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டுமே! பச்சைக் குழந்தையைப் போய் ஏமாத்துறீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?"

"எங்க கோழிங்களைப் பார்த்தீங்கல்ல? இறகு கொட்டுற சமயம் இது. ஒண்ணுகூட முட்டை போடாது. அதனாலதான் உங்களுக்கு வெறும் ரொட்டியும் பாலும். போர்டுல அப்படி எழுதி வச்சுட்டு, கடைச் சரக்கை விருந்தாளி தட்டுல வைக்க எனக்கு மனசு வரலை."

"அப்போ இது மட்டும்?"

"அன்னிக்கு உங்க பொண்ணு எடுத்தது கடைசி முட்டைம்மா. அதை அவ சாப்பிட்டப்போ, நீங்க சுவத்துப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க. நான் பார்த்துட்டேன். மறுநாள் காலையில கூடையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா. கூண்டுல ஒண்ணும் இல்லைன்னு எந்த வாயால சொல்றது? இரு கண்ணு, முதல்ல தீனி போடுவோம்னு நிறுத்தி வச்சுட்டு, சைக்கிளை எடுத்துட்டுக் கடைக்கு ஓடினேன். அப்போலேர்ந்து இப்படித்தான். வினிகரைத் தொட்டு முத்திரையை அழிச்சு, வைக்கோல்ல ஒளிச்சு வைக்கிறேன். இன்னிக்கு மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன். சரியா அழியலை போலிருக்கு."

ஆய்வாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! பண்ணைக்கார அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

"அந்த வினிகர் எங்கே இருக்கு?"

அத்தனை வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக, கையில் கிடைத்த தடயத்தைத் தானே தேய்த்து அழித்தாள். அவித்து, தட்டில் வைத்துக் கொண்டுபோய், குழந்தையின் கண்ணெதிரிலேயே ஓடு உரித்துக் கொடுத்தாள். குழந்தை ரசித்துச் சாப்பிட்டாள். 'அப்பாடா, இதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று அம்மாவுக்கு மூச்சு வந்தது.

"கோழி இன்னிக்கு நல்ல பெரிய முட்டையாப் போட்டிருக்கு, இல்லேடி?"

குழந்தை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அம்மாவின் காதருகே வந்தாள்.

"கோழி எங்கேம்மா போட்டுச்சு? பெரியம்மாதான் ஒளிச்சு வைக்கிறாங்க. ஜன்னல் வழியா நான் முன்னாடியே பார்த்துட்டேன்."

"அடி கள்ளி! தெரிஞ்சா சாப்பிடுறே?"

"நீ அவங்களைத் திட்டுவேன்னுதான் அந்தச் சிவப்பைக் கையால மூடிக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியும்னு பெரியம்மாகிட்ட சொல்லிடாதேம்மா. தினமும் குனிஞ்சு குனிஞ்சு ஒளிச்சு வைக்கிறாங்க... நான் சாப்பிடலைன்னா பாவம், எவ்வளவு ஏமாந்து போயிடுவாங்க!"