குறும்புச் செய்முறைத் தேர்வு

குறும்புக்காரப் பிள்ளைகளுக்குத்தான் பதினொன்றாம் வகுப்பில் இடம் என்று ஆனதும், எங்கள் அடுக்ககத்துப் பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளைக் குறும்பு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். சனிக்கிழமை ரோபோ, நீச்சல், அதற்கப்புறம் குறும்பு.

கீழ்வீட்டு நறுமுகைக்கு நேற்று செய்முறைத் தேர்வு. என் வீட்டு அழைப்பு மணியை அடித்துவிட்டு அவள் ஓட வேண்டும். நான் கதவைத் திறந்து திட்ட வேண்டும். என்ன திட்டுவது என்பதை அவள் அம்மா முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்.

மணி அடித்தது. நான் திறக்காமல் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி அடித்தது. வெளியே மதிப்பெண் போட வந்திருந்த தேர்வாளர் இருமினார்.

“ஐயா, கொஞ்சம் வந்து திட்டிட்டுப் போங்க. பிள்ளையோட சீட்டு போயிடும்” என்று அவள் அம்மா கெஞ்சினார். “ஓடறதுக்குன்னே புது ஷூ வாங்கியிருக்கோம்.”

“தாத்தா உள்ளேதாம்மா இருக்காரு. கதவுக்கு அடியில கால் தெரியுது” என்றாள் நறுமுகை.

நான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டேன். அவள் கதவிடுக்கில் பேனாவை விட்டு மற்றக் காலைச் சுரண்டினாள். நான் துள்ளிக் குதித்தேன். அவள் படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பரீட்சை நேரத்துல என்னம்மா குறும்பு?” என்று அதட்டிவிட்டு, தேர்வாளர் அவளை ஃபெயிலாக்கினார்.