வாம்பயர் பொருத்தம்

“தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதடா! அந்தப் பொண்ணுக்கு கம்ப்யூட்டர்ல ரத்தம் குடிக்கிற அந்த வாம்பயர் கேம்னா உசுரு. அதப் பத்தி நாலு வார்த்த பேசுனா போதும், கல்யாணம் முடிஞ்சிதுன்னு வச்சிக்க!”

பெண் வீட்டு மாடிப்படியில் ஜெனித்தின் காதைக் கடித்தார் பாக்கியமேரி அத்தை. கடலூர் சர்ச் பங்கில் பாதிக் கல்யாணங்கள் அவர் பேசி முடித்தவைதான்.

மாதா கோயில் தேர் அன்று ஜோதி மேரியைப் பார்த்ததிலிருந்து ஜெனித் ஜெனித்தாக இல்லை. அவளோ வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ‘பேசவே தெரியல’ என்று திருப்பி அனுப்பியவள். அதனால்தான் செம்மங்குப்பம் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து, அந்த இருபது வருடத்துப் பழைய கேமைப் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தான். சத்தியமாக ஒரு நாள்கூட விளையாடியதில்லை.

மொட்டை மாடியில் அவள் நின்றிருந்தாள். அத்தை துணைக்கு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

“அந்தக் கேம்ல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?” அவளே ஆரம்பித்துவிட்டாள்.

அடி சக்கை!

“பேச்சுதாங்க! சண்டையே போடாம, பேசியே ஆளக் கவுத்துடலாம். நாம எந்த வாம்பயர் கூட்டத்துல சேர்றமோ, அதுக்கேத்த மாதிரி கதையே மாறும். கிறுக்குக் கூட்டத்துல சேந்தா, செவுத்துல மாட்டுன போட்டோகூட நம்மகிட்ட வம்பு பேசும்!”

“ஆமாமா! அந்த ஊரு, அந்த இருட்டு, அந்த மியூசிக்கு... அப்பப்பா! ஆனா நல்லா போயிட்டிருக்கும்போதே கேமே படக்குனு நின்னு போவுமே.”

“அத ஏன் கேக்குறீங்க! கத்திச் சண்ட வேற, கொசு அடிக்கிற மாதிரியே இருக்கும். சாக்கடைக்குள்ள எறங்குனா நடந்துகிட்டே கெடக்கணும்.”

“கடைசில பேச்சே இல்ல, வெறும் அடிதடி. அவசர அவசரமா முடிச்சிட்டாங்க.”

“ம், அப்புறம்? நல்லா வெவரமா பேசுங்க,” என்றார் அத்தை.

ஜெனித்துக்குத் தலைகால் புரியவில்லை. “நான் ஏழு தடவ முடிச்சிட்டேங்க!” என்று அடித்துவிட்டான்.

“அப்டியா? கடிக்கிறதுக்கு எந்த பட்டன அழுத்துவீங்க?”

எந்த வீடியோவிலும் அதைச் சொல்லவில்லையே!

“அது... எல்லா பட்டனும்தாங்க.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு!

“வெளையாடுனதே இல்லல்ல?”

“மன்னிச்சிருங்க. உங்களுக்கு அதுதான் உசுருன்னு அத்த சொன்னாங்க.”

“எனக்கா? ஐயோ ஆண்டவரே! சிதம்பரம் லேப்ல நாள் பூரா ரத்தம் எடுக்குறவங்க நான். வீட்டுக்கு வந்தும் ரத்தமா? உங்களுக்குத்தான் அது உசுருன்னு எங்கிட்ட சொன்னாங்க! நானும் ஒரு வாரமா வீடியோதான் பாத்தேன்!”

இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“எனக்காக இம்புட்டு மெனக்கெட்டவர எப்டிங்க வேணாம்னு சொல்றது? எங்கப்பாகிட்ட சரின்னு சொல்லிடுறேன்,” என்றாள் ஜோதி மேரி. ஜெனித்துக்கு அந்த மாடியிலிருந்து அப்படியே குதிக்கலாம் போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அத்தையின் முகம் தொங்கிப் போயிருந்தது.

“அப்ப ரெண்டு பேருக்குமே வெளையாடத் தெரியாதா?”

“தெரியாது அத்த!”

“நாசமாப் போச்சு! அந்தக் கேம்ல கல்லறத் தோட்டத்து கேட்ட தொறக்கத் தெரியாம மூணு மாசமா அங்கயே செத்துச் செத்துப் பொழைக்கிறேன். படிச்ச புள்ளைங்களாச்சே, ரெண்டுல ஒண்ணாவது கத்துக்கிட்டு வந்து எனக்குத் தொறந்து குடுக்கும்னுதான உங்களக் கோத்தே விட்டேன்!”