சம வேலை

முத்துப்பேச்சியும் தேவசகாயமும் ஒரே அரசுப் பள்ளியில் துப்புரவுப் பணியாளர்கள். அவர் நிரந்தரம், இவள் தொகுப்பூதியம். சம வேலைக்குச் சம ஊதியம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டதால் முத்துப்பேச்சி விண்ணப்பம் போட்டாள். அதிகாரிகள் வந்து, இருவர் வேலையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சுவரில் ஒரு மின்கண்ணைப் பதித்துவிட்டுப் போனார்கள். மாலை மணி அடித்ததும் அது தேன் தடவிய குரலில் சொல்லும்: "இன்றும் வேலை சமமில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

முத்துப்பேச்சி பொரிந்தாள். "வராண்டாவும் நான்தான் கூட்டுதேன், கக்கூஸும் நான்தான் கழுவுதேன். இன்னும் என்னத்தச் செய்யணுமாம், அண்ணாச்சி?"

நாற்காலியில் சாய்ந்திருந்த தேவசகாயம் பேப்பரை மடித்தார். "அங்கதான் தப்பு பண்ணுத. நான் ஒண்ணும் செய்யலல்லா? நீ மட்டும் செஞ்சா எப்படிச் சமமாகும்? பேசாம எம் பக்கத்துல உக்காரு."

மறுநாள் காலையிலிருந்தே அவள் உட்கார்ந்துவிட்டாள். பரபரத்த கைகளை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். முதல் தடவையாக மின்கண் பச்சையாக எரிந்தது.

மாலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கால்களை இடுக்கிக்கொண்டு வந்து நின்றது. "பேச்சியக்கா, கக்கூஸ்ல கால் வைக்க முடியல. அவசரமா வருது."

"எந்திச்சிராத பேச்சி, இப்ப மணி அடிச்சிரும்" என்றார் தேவசகாயம்.

பிள்ளையின் பாவாடை நனையத் தொடங்கியது. முத்துப்பேச்சி சுவரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிள்ளையை ஒரு கையிலும் வாளியை ஒரு கையிலும் பிடித்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

அவள் கடந்து போக வழிவிட்டு, தேவசகாயம் காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.