விடுபட்ட கொம்பு

1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் நாள், புதன்கிழமை, முற்பகல் ஒன்பது மணிக்கு, சிங்கப்பூர்ச் சிறையில் எழுத்தரின் மேசைக்கு முன்னால் நின்று அவன் தலைப்பாகையை அவிழ்த்தான்.

அங்க அடையாளத்தை எழுதிவிட்டால் கைதிக்கான அனுமதிச் சீட்டு தயாராகிவிடும். சீட்டு கைக்கு வந்தால் சிறைக்கு வெளியே குடியிருக்கலாம்.

செங்கற்சூளைக்கு அருகில் ஒரு குடிசை காத்திருந்தது. சுவரும் கூரையும் அவன் கைவேலை.

எழுத்தர் சவரிராயர் எழுந்து வந்து அவன் நெற்றியைப் படித்தார்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால், மதராஸில் கப்பலேற்றும்போது ஊசியால் குத்திய சொல். கொலை என்று குத்தும்படி உத்தரவு. குத்தியவன் முதலெழுத்தின் கொம்பை விட்டுவிட்டான்.

காலை.

அது தெரியாமல் அவன் புருவம் வரை துணியை இறக்கிக் கட்டிவந்தான். கைதிகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்பில், பக்கத்தில் இருந்த ஒச்சப்பன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “உன் மூஞ்சியிலதான்டா எங்களுக்குப் பொழுதே விடியுது” என்று சிரித்த அன்றுதான் தெரிந்தது.

அன்று முதல் ஒரே அச்சம். எவராவது திருத்திவிடுவார்கள்.

சவரிராயர் பிழை பொறுக்காதவர். சற்றுமுன்கூட, ஓர் ஒற்று குறைந்ததென்று மேஸ்திரியின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

“படிக்கத் தெரியுமாடா?”

“தெரியுங்கய்யா.”

“என்ன எழுதியிருக்கு?”

காலை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகாது.

ஆனால், வாய்க்கால் தண்ணீருக்காகப் பங்காளியை அவன் வெட்டியதும் பொய்யன்று. அதை அவன் எந்த நாளும் எவரிடமும் மறுத்ததில்லை.

“எழுதச் சொன்னது கொலைங்கய்யா. ஒரு கொம்பு விட்டுப்போச்சு.”

சவரிராயர் மறுபடியும் பார்த்தார். அவசரமின்றி, ஒவ்வோர் எழுத்தாக.

பிறகு நாற்காலிக்குத் திரும்பி, பேனாவை மையில் தோய்த்தார்.

அவன் நெற்றி வியர்த்தது. துடைக்கவில்லை.

எழுதியதை, விதிப்படி, அவர் உரக்கப் படித்துக் காட்டினார்.

அவிழ்த்த துணியை அவன் நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

சீட்டில் முடிவாகப் பதிந்தது இது: தீவுக்குள் எங்கும் குடியிருக்கலாம், மாதம் ஒருமுறை நேரில் வர வேண்டும். அங்க அடையாளம், நெற்றியில் ‘காலை’ என்னும் சொல். பிழையில்லை.