சாரைப்பாம்பின் சொந்தம்

"நீ திடீரென்று போய்விட்டால் இந்தப் பொந்து யாருக்கு? குட்டிகள் யார் பொறுப்பு? நாலு பேர் கேட்கச் சொல்லி வை" என்றது மரங்கொத்தி.

"எனக்கென்ன வயதா ஆகிவிட்டது? இருப்பதும் ஒரே ஒரு பொந்து" என்று சிரித்தது அதன் தோழி அணில்.

மறுநாள் பருந்து அணிலைத் தூக்கிக்கொண்டு பறந்தது. வழியில் பிடி நழுவி, அணில் வைக்கோற்போரில் விழுந்து பிழைத்தது. நொண்டியபடி வீடு திரும்பினால், பொந்து வாசலில் ஒரு சாரைப்பாம்பு தேம்பிக்கொண்டிருந்தது.

"செத்தவளுக்கு நான் தாய்மாமன் முறை. குட்டிகளை நானே பார்த்துக்கொள்கிறேன். வேறு யாருக்காவது சொல்லி வைத்திருக்கிறாளா?"

மரங்கொத்தி வாசலை மறித்து நின்றது.

"பொந்தும் குட்டிகளும் மரங்கொத்திக்கு!" என்று மேல்கிளையிலிருந்து காடே கேட்கக் கத்தியது அணில்.

பாம்பு சட்டென்று அழுகையை நிறுத்தியது.

"பக்கத்து மரத்து மைனா இன்னும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லையே?" என்று பணிவாக விசாரித்தது.