தகரப் பெட்டியின் சாட்சி

“எதிர்காலத்தை நான் ஊகித்தவன் அல்ல. எதிர்காலம்தான் என் எழுத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது” என்று எழுத்தாளர் இஸ்ரவேல் மேடையில் கைகளை விரித்தபோது, மின்சாரம் போய் மைக் செத்தது.

பாளையங்கோட்டையில் அந்த மிஷன் பள்ளியின் மண்டபம் முழுக்க நிகழ்ச்சி நிரல் தாளால் விசிறிக்கொண்டது. இஸ்ரவேலின் பதினோரு விஞ்ஞான நாவல்களிலும் மின்சாரம் போனதே இல்லை. அவற்றில் வண்ணார்பேட்டைக்கு மேலே பேருந்துகள் பறக்கும். சித்திரை வெயிலிலும் ஊர்ச்சனம் வெள்ளிநிறக் கவசம் மாட்டிக்கொண்டு திரியும். ஒருவருக்கும் வியர்க்காது.

அன்றைய விழா இரண்டு பெட்டிகளுக்காக. 1995-இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ‘2025-இல் நம் ஊர்’ என்று எழுதிய தாள்களைத் தகரப் பெட்டியில் பூட்டி மேடைக்கு அடியில் புதைத்திருந்தார்கள். இன்று அதைத் திறந்துவிட்டு, இன்றைய பிள்ளைகள் 2055 பற்றி எழுதியதைப் புதுப்பெட்டியில் பூட்ட வேண்டும். இஸ்ரவேலின் தாளும் பழைய பெட்டிக்குள் கிடந்தது. முகம் பார்த்துப் பேசும் கைபேசியைப் பன்னிரண்டு வயதிலேயே தான் கண்டுவிட்டதாக ஒவ்வொரு முன்னுரையிலும் எழுதுவார். ‘சாட்சி பெட்டிக்குள் இருக்கிறது’ என்று முடிப்பார்.

புதுப்பெட்டிக்குத் தாள்களைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். இருபது தாள்கள் தேறின. இருபதிலும் பேருந்து பறந்தது. எட்டாம் வகுப்பு ஸமீஹாவின் தாளில் மட்டும் குறுக்கே சிவப்பு மையில் ‘காப்பி’ என்று எழுதியிருந்தார்.

மேடையோரம் அவளும், ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்த அவள் வாப்பா ஹசன் அலியும் காத்து நின்றார்கள். மைக் செத்த எரிச்சலோடு இஸ்ரவேல் இறங்கி வந்தார். தலைமையாசிரியை ஹெப்சிபா, பிள்ளை தானே எழுதியதாகச் சொல்கிறாள் என்று மெல்ல ஆரம்பித்தார்.

“டீச்சர், இந்தக் கதையை நீங்க படிச்சீங்களா? மேலப்பாளையத்துல பீடி சுத்த ஒரு மெஷின் வருதாம். மணிக்கு ஆயிரம் கட்டு சுத்துதாம். ஆனா சாயந்தரம் வேணும்னே பத்துக் கட்டை மிச்சம் வைக்குதாம். ஏன்னா பீடி சுத்துற பொம்பளைங்க கூடியிருந்து பேச ஒரு சாக்கு வேணுமாம். எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு இம்புட்டு யோசனை வருமா? போன்ல ஒரு கேள்வியைப் போட்டிருக்கு, ஏ.ஐ. எழுதிக் குடுத்திருக்கு.”

“நானேதான் சார் எழுதினேன்” என்றாள் ஸமீஹா.

“ஏலே இஸ்ரவேலு…” என்று தொடங்கிய ஹசன் அலி, “சார்” என்று திருத்திக்கொண்டார். “அவ உம்மாவும் பக்கத்து வீட்டுப் பொம்பளைகளும் பீடி சுத்துத எடத்துல உக்காந்துதான் எழுதினா. நான் கண்ணால பாத்தேன்.”

“நீங்க யாரு?”

“ஹசன் அலி. ஏழாங்கிளாஸ்ல உங்க பெஞ்சு. உங்களுக்குப் பக்கத்துலதான் இருந்தேன்.”

ஒரு பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள், எல்லாரையும் ஞாபகம் வைத்திருக்க முடியுமா என்று இஸ்ரவேல் கையை உதறினார். பிறகு கொதித்தார். அடுத்தவன் மூளையை எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதுதான் இன்றைக்குக் கலையாகிவிட்டது. இதைச் சும்மா விட்டால் இலக்கியத்துக்கே துரோகம். மைக் வந்ததும் இவள் பெயரைச் சொல்லியே தீருவேன் என்றார்.

“எம்மவளைத் திருடின்னு மைக்ல சொல்லுவீங்களோ? நாளைக்கு அவ எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வகுப்புக்கு வருவா? உங்க பஸ்ஸு பறக்கலைன்னா பிள்ளை திருடியா வே?” என்றார் ஹசன் அலி.

மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. இஸ்ரவேல் மேடையேறிச் சொன்னதைச் செய்தார். ஸமீஹாவின் பெயரையும் வகுப்பையும் சொல்லி, அவளை மேடைக்குக் கூப்பிட்டார். முன்வரிசையில் மகனைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய அப்பா ஜோஷுவாவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

“தண்டனை ஒன்றும் இல்லை. சொந்தக் கற்பனை என்றால் என்ன என்று இந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். என் தாளை இவளே வாசிக்கட்டும். ஒரு வரி விடக் கூடாது.”

ஹசன் அலி ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு கீழே நின்றபடி, “பைய வாசிம்மா” என்றார்.

தோண்டி எடுத்து வைத்திருந்த பெட்டியின் துருப்பிடித்த பூட்டை உடைத்தார்கள். ஹெப்சிபா தாளைத் தேடி எடுத்து நீட்டினார். ஸமீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

“ஜோ. இஸ்ரவேல், ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு. 2025-இல் எல்லார் சட்டைப்பையிலும் ஒரு போன் இருக்கும். பேசுகிறவரின் முகம் அதில் தெரியும்.”

மண்டபம் கைதட்டி அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. இஸ்ரவேல் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டு, மேலே வாசிக்கும்படி கையசைத்தார்.

“இப்போது கேசட்டில் பேசி அனுப்பினால் குரல் மட்டும்தான் வருகிறது. அந்த போன் வந்தால், சவூதியில் வேலை பார்க்கிற என் வாப்பாவின் முகத்தை நானும் என் உம்மாவும் தினமும் பார்ப்போம்.”

முன்வரிசையில் இருந்த ஜோஷுவா அதே பள்ளியில் முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மதுரையைத் தாண்டிப் போனதில்லை.